செட்டிநாட்டு வீட்டுக்குள் ஒரு கோதிக் மர்ம நாவல்: ரோல்பிளேயிங் ஆட்ட உலகத்தில் கதை எழுத முழுமையான வழிகாட்டி

தமிழில் கோதிக் கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே மூடுபனியை இறக்கிவிடுகிறார்கள். மலைமேல் கோட்டை, ஓநாய் ஊளை, கையில் மெழுகுவத்தி. காரைக்குடியைச் சுற்றி இருந்துகொண்டு இப்படி எழுதுவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. கானாடுகாத்தானில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைக்கதவு என்று நீளும் வீடுகள். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் பூட்டுகள். கோதிக் கதைக்கு வேண்டியது போன தலைமுறை வெளியேற மறுக்கும் ஒரு வீடு. அது இங்கே தெருத்தெருவாக இருக்கிறது.

ஆனால் ரோல்பிளேயிங் ஆட்ட உலகத்தில், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகி மேஜையில் பகடை உருட்டி ஆடும் கதை உலகத்தில், நடக்கும் மர்மக் கதைக்கு வீடு மட்டும் போதாது. மந்திரம் இருக்கும் உலகத்தில் மர்மம் நிற்பது கஷ்டம். பிணத்திடமே கேட்டுவிடலாம், பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்றால் துப்பறிய என்ன மிச்சம்? இதற்கான விடையும் செட்டிநாட்டிலேயே இருக்கிறது: கணக்கு. மந்திரத்தைக் கடனாக வையுங்கள், கடனைப் பேரேட்டில் எழுதுங்கள், துப்பறிபவர் பேரேட்டைப் படிக்கட்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது. விளக்குவதற்காக ஒரு கற்பனைக் கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போகிறேன்.

படி 1: யாருடைய உலகம்?

இந்த வகை ஆட்டங்களில் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரின் பெயரில் வெளிவந்தது. அந்த ஆட்டத்துக்குள் கோதிக் நுழைந்த பெரிய வாசல், 1983-ல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய ரேவன்லாஃப்ட். ஒரு ரத்தக்காட்டேரிப் பிரபு, அவன் ஆளும் பள்ளத்தாக்கு, அதைச் சூழ்ந்த மூடுபனி. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பனியை அல்ல. அந்தப் பிரபுவும் வெளியே போக முடியாது; ஆள்பவனே கைதி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் படியில் வேண்டும்.

பதிப்பகங்களின் உலகங்களுக்குள், அவர்களுடைய ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வைத்து நாவல் எழுதி விற்க அனுமதி வேண்டும். விதிகளின் நிலைமை வேறு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம். எனவே விதியை அங்கிருந்து எடுங்கள், உலகத்தை நீங்களே கட்டுங்கள்.

உலகம் கட்டுவது என்றதும் பலர் கண்டம், கடல், ஏழு ராஜ்ஜியம் என்று வரைபடம் போட ஆரம்பிப்பார்கள். தேவையே இல்லை. ஒரு வறண்ட ஊர், ஓர் ஊருணி, ஒரு கடல், கடலுக்கு அக்கரையில் ஒரு நெல்நாடு. இவ்வளவு போதும்.

படி 2: பாவத்தைக் கணக்கில் எழுதுங்கள்

நாவலின் அஸ்திவாரம் இதுதான், அவசரப்பட வேண்டாம்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கடல்கடந்து கொண்டுவிற்ற (வட்டித்தொழில் செய்த) வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். பர்மாவில் கடை வைத்தவர்கள் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-ஐ ஒட்டிய பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம் கடைக்காரர்களின் கைக்கு வந்தது. 1930-களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் இவர்களிடம் இருந்தது. பணமாக இருந்தது நிலமாகி மாட்டிக்கொண்டது. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தபோது பேரேட்டையும் சாவியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் உண்டு. நடந்தே வந்தவர்களும் உண்டு. பின்னால் 1948-ல் அங்கே நில தேசியமயச் சட்டம் வந்தது.

கோதிக்கின் கரு இதற்குள் முழுதாக இருக்கிறது. அக்கரையில் நிலம் இழந்த விவசாயிக்கு ஒரு நியாயம். இக்கரையில் எல்லாம் போய் மாளிகையோடு மட்டும் மிஞ்சியவருக்கு ஒரு நியாயம். இரண்டையும் எழுதுங்கள். வட்டிக்காரரை வெறும் கொடூரக்காரராக வரைவது சோம்பேறித்தனம், அதை நூறு சினிமா செய்துவிட்டது.

இதை அப்படியே எழுதினால் வரலாற்று நாவல் ஆகிவிடும். நமக்கு வேண்டியது ஆட்ட உலகம். ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். நம் கதையின் வணிகர்கள் கடன் கொடுப்பது பணமாக அல்ல, ஆயுசாக. அக்கரை விவசாயி பத்து வருஷ ஆயுசு கடன் வாங்கி, பிழைத்து, விளைத்து, வட்டியோடு திருப்புகிறான். அக்கரை நாடு ஒருநாள் கைவிட்டுப் போகிறது. வராத கடன் எல்லாம் வீட்டின் தலையில் விழுகிறது. ஐந்தொகையில், அதாவது வரவு செலவை முடித்துப் போடும் கணக்கில், இரண்டு பக்கமும் சரியாக வர வேண்டுமே. பற்று என்று எழுதியதற்கு யாராவது வரவு வைத்தாக வேண்டும்.

வைப்பது யார்? வீட்டுக்குச் சுவீகாரம் வரும் பிள்ளைகள். வாரிசு இல்லாத கிளைக்குப் பிள்ளை கூட்டுவது நகரத்தார் வழக்கத்தில் சாதாரணமாக நடப்பது. நம் கதையில் ஒவ்வொரு பிள்ளையும் வரும்போது அவன் ஆயுசு பேரேட்டில் ஏறுகிறது. அந்த ஆயுசில்தான் பெரிய ஆச்சி உயிரோடு இருக்கிறாள். உண்மையைச் சொன்னால், இருப்பதுபோல் இருக்கிறாள். அவள் செத்து அறுபது வருஷம் ஆகிறது. கணக்கை முடிக்காமல் வைத்திருப்பவர் கணக்கப்பிள்ளை. அவருடைய சம்பளமும் அதே ஆயுசில்தான் வருகிறது. கணக்கு முடிந்தால் அவரும் முடிந்தார். ஆள்பவனே கைதி என்றேனே, அவர்தான் இவர்.

கதை தொடங்கும் புள்ளி: படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடும் நாளில், புதிதாகச் சுவீகாரம் வந்த இருபது வயதுப் பையன் உள்ளே பூட்டிய அறையில் எண்பது வயதுக் கிழவனாகச் செத்துக் கிடக்கிறான்.

படி 3: வீட்டை வரையுங்கள்

கட்டம் போட்ட தாள் எடுங்கள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்கள் பாதாளச் சிறை வரைவதற்கு வைத்திருக்கும் அதே தாள்தான். தெருப்பக்கம் திண்ணையோடு முகப்பு. வேலைப்பாடு செய்த நிலைக்கதவு. உள்ளே திறந்த வானத்தோடு வளவு, சுற்றிலும் தூண், தூணுக்குப் பின்னால் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அதில் அந்தக் குடும்பத்தின் பெட்டகம், பெண் கொண்டுவந்த சீர்ச் சாமான். அதற்கப்புறம் இரண்டாம் கட்டு, பின்னால் அடுப்படி, கிணறு, அடுத்த தெருவுக்குத் திறக்கும் கதவு.

மர்மக் கதைக்கு இந்த அமைப்பு தானாகவே பல வசதிகளைத் தருகிறது. நிலைக்கதவில் நின்றால் கட்டுக் கட்டாகக் கடைசிவரை பார்வை போகும், ஆனால் பக்கத்து அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. சாட்சி சொல்பவர் எதைப் பார்த்திருக்க முடியும், எதைப் பார்த்திருக்க முடியாது என்பதை வீடே தீர்மானிக்கிறது. வேறு வைக்கும் வழக்கமும் இருக்கிறது: கல்யாணமானதும் மகன் குடும்பம் அதே கூரையின் கீழ் தனியாகச் சமைக்கும். அதனால் ஒரே பானையில் விஷம் கலந்து எல்லாரையும் சாய்க்க முடியாது. யார் அடுப்பு, யார் கை என்று கேள்வி வரும். பூட்டிய அறைக்குப் பஞ்சமே இல்லை. தலைமுறை தாண்டியதும் வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஆளுக்கொரு சாவி, ஒருத்தர் கோலாலம்பூரில், ஒருத்தர் சென்னையில். ஓர் அறையில் என்ன இருக்கிறது என்று அடுத்த அறைக்காரருக்குத் தெரியாமலே முப்பது வருஷம் போகலாம்.

பொருள்களை அளவாகத் தூவுங்கள். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு என்று பட்டியல் போட்டால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். கதையில் வேலை செய்யும் பொருள் மட்டும் போதும். உதாரணமாக ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சாயமும் மணலும் சிமெண்டும் இட்டுக் கையால் வார்க்கும் தரைக்கல் அது. கால் படப்படப் பளபளப்பு ஏறும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நம் வீட்டில் வளவு முழுக்கத் தரை மின்னுகிறது, பெரிய ஆச்சியின் அறை வாசலில் மட்டும் மங்கிக் கிடக்கிறது. தினமும் நடமாடும் மனுஷிக்கு ஏன் அப்படி? மூன்றாம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் ஒரு வரியில் இதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வீடுகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பார்வையாளருக்குத் திறந்திருப்பவை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளையும் விடாதீர்கள். பிரித்து விற்ற வீடுகளின் கதவு, போட்டோ, பீங்கான் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஆனால் ஒரு நிஜ வீட்டை, நிஜ விலாசத்தை நாவலில் அப்படியே வைக்காதீர்கள். பங்காளி வழக்கு நாவலைவிட நீளமானது.

படி 4: மந்திரத்துக்கு வேலி

ஐந்தாம் பதிப்பில் பிணத்தோடு பேசும் மந்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்து கேள்விகள்தான். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். பதில் சுருக்கமாகவும் புதிராகவும் வரலாம், உண்மை சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதே பிணத்தைப் பத்து நாளைக்குள் மறுபடி எழுப்ப முடியாது. பொய் பேச முடியாத வட்டம் போடும் மந்திரத்திலும் ஓர் ஓட்டை: உள்ளே நிற்பவருக்கு அது தெரியும், பதில் சொல்லாமல் நழுவலாம்.

இந்த ஓட்டைகளில்தான் மர்மம் குடியிருக்கிறது. செத்த பையனிடம் “உன்னைக் கொன்றது யார்?” என்று கேட்கிறார்கள். “கையெழுத்துப் போட்டேன்” என்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உங்கள் உலகத்தின் மந்திர விதிகளை ஒரு பக்கத்துக்குள் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்ன செய்யும், என்ன செய்யாது, யார் கணக்கில் பற்று விழும். முதல் கால் பங்கு நாவலுக்குள் வாசகருக்கு எல்லா விதியும் தெரிந்துவிட வேண்டும். கடைசி அத்தியாயத்தில் புது மந்திரம் முளைத்தால் புத்தகம் சுவரில்தான் மோதும், அதில் நியாயமும் இருக்கிறது.

தெய்வங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பரையும் முனியையும் பேயாக்கிவிடும் வேலை வேண்டாம். இங்கே கருப்பர் சந்நிதி என்பது சத்தியம் செய்யும் இடம். பொய்ச் சத்தியம் செய்ய ஆள் துணியாது. உங்கள் உலகத்துக் காவல் தெய்வத்துக்கும் அந்தப் பயத்தையே வைத்துக்கொள்ளுங்கள். விசாரணையில் சந்நிதிக்கு வர மறுப்பவர் யார் என்பதே ஒரு தடயம். வராததற்கு வேறு நியாயமான காரணமும் வேண்டும், கணக்கப்பிள்ளைக்கு முட்டிவலி வைத்துவிடலாம்.

படி 5: துப்பறியும் கூட்டம்

ஆட்டத்தில் நான்கைந்து பேர் பார்ட்டியாகச் சேர்ந்து வருவார்கள்: வாள்காரர், மந்திரவாதி, திருடர், பூசாரி. நாவலுக்கு மூன்று பேர் போதும். ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டோடு ஓர் உறவு இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் ராத்திரியே ஓடிவிடுவார்கள். நான் தேர்ந்தெடுப்பது: அக்கரைக் கடையில் பெட்டியடிப் பையனாக (தொழில் பழகும் எடுபிடியாக) இருந்து திரும்பிய, கணக்குப் படிக்கத் தெரிந்த இளைஞன்; அக்கரையிலிருந்து நியாயம் கேட்டு வந்த, பிணத்தோடு பேசும் விவசாயி மகள்; செத்த பையனைப் பெற்ற ஆத்தா. மூன்றாமவர்தான் முக்கியம். ஆட்டக்காரர்கள் உருவாக்கும் பாத்திரங்கள் பெரும்பாலும் அநாதைகளாகவே இருப்பார்கள் என்பது பழைய கிண்டல். பிள்ளையைச் சுவீகாரம் கொடுத்த தாயை விசாரணைக்குள் கொண்டுவந்தால் கதைக்கு ரத்த ஓட்டம் வந்துவிடும்.

படி 6: தடயங்களை விதைப்பது

கேம் மாஸ்டர்கள் நடுவே மூன்று தடய விதி என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயம் வை, ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், ஒன்றாவது வேலை செய்யும். நாவலிலும் மூன்று வையுங்கள். ஆனால் நாவலில் பகடை கிடையாது, தடயம் கட்டாயம் கண்ணில் படும். எனவே மறைக்க வேண்டியது அதன் அர்த்தத்தை.

நம் கதையில் வாசகர் எட்ட வேண்டிய முதல் முடிவு, ஆச்சி உயிரோடு இல்லை என்பது. தரைக்கல் ஒன்று ஆயிற்று. இரண்டாவது, படைப்பு. முன்னோரை நினைத்துப் புடவையும் வேட்டியும் வைத்துப் படைக்கும் சடங்கு அது. எட்டுப் பேரைச் சொல்லிப் படைக்கிறார்கள், புடவை வேட்டியை எண்ணினால் ஒன்பது. எண்ணுவது ஒரு சின்னக் குழந்தையாக இருக்கட்டும், பெரியவர்கள் அதட்டி அனுப்பிவிடட்டும். மூன்றாவது, பேச்சு:

“ஆச்சி சாப்பிட்டாகளா?”

“அவுகளுக்கு இலை போட்டாச்சு தம்பி.”

உயிரோடு இருப்பவருக்கும் இலை போடுவோம், படைக்கும்போதும் இலை போடுவோம். முதல் வாசிப்பில் இது சாதாரணப் பேச்சு.

இரண்டாவது முடிவு, கணக்கப்பிள்ளையின் வயது. இதற்கு நம் பஞ்சாங்கத்தைவிட நல்ல கருவி எந்த ஆட்டப் புத்தகத்திலும் கிடையாது. பழைய கணக்கிலும் கடிதத்திலும் ஆண்டைப் பெயரால் எழுதுவார்கள், பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1942 சித்திரையில் பிறந்தது சித்திரபானு, 2002-லும் சித்திரபானுதான். (ரங்கூன் விழுந்த 1942 மார்ச், அதற்கு முந்தைய விஷு ஆண்டின் கடைசி. நிஜ வரலாற்றைத் தொட்டு எழுதுபவர்கள் இதில் சறுக்குவார்கள், கவனம்.) உங்கள் உலகத்திலும் அறுபது வருஷச் சுற்றை வையுங்கள். சுவீகாரப் பத்திரத்தில் இருக்கும் ஆண்டுப் பெயரைப் பார்த்து எல்லாரும் போன வருஷத்தது என்று நினைக்கிறார்கள். அது ஒரு சுற்றுக்கு முந்தையது, வேறொரு பையனுடையது. இரண்டு பத்திரத்திலும் எழுத்து ஒரே ஆளுடையது. பிள்ளையார் சுழியின் வால் வளைவதுகூட அப்படியே இருக்கிறது. பெட்டியடிப் பையனாக இருந்தவன்தான் இதைப் பார்க்க முடியும். எழுத்தைப் பழக்கியே வளர்த்திருப்பார்கள்.

பொய்த் தடயங்களை அதிகம் வைக்காதீர்கள். பங்காளிகளுக்குள் வீட்டை விற்பதா வேண்டாமா என்று ஒரு சண்டை இருந்தால் அதுவே பாதி வாசகரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

படி 7: மேஜையில் ஆடிப் பாருங்கள்

எழுதுவதற்கு முன் நண்பர்கள் நான்கு பேரைக் கூட்டி இந்தக் கதையை ஒரு நாள் ஆட்டமாக நடத்துங்கள். அறையின் படம், மூன்று பாத்திரம், இருபது முகப் பகடை, முறுக்கு. அவர்கள் எங்கே சலிக்கிறார்கள், எந்தக் கதவைத் திறக்க நினைக்கிறார்கள், யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாசகர் மனசும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகும்.

நடந்ததை அப்படியே நாவலாக்கக் கூடாது. ஆட்டத்தின் சிரிப்பும் அதிர்ஷ்டமும் அந்த மேஜையோடு சரி. சண்டைக்காட்சியைச் சுற்றுச் சுற்றாக எழுதினால் வாசகருக்குப் பகடைச் சத்தம் கேட்கும். ஆட்டத்திலிருந்து முடிவுகளை எடுங்கள், எண்களை விடுங்கள்.

படி 8: பயம் எந்த நேரத்தில் வரும்?

செட்டிநாட்டில் பனி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். நம் ஊரில் பயத்துக்கு உச்சிவேளை போதும். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை ஊருணிப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்க்கும் ஊர் இது. வளவில் வெயில் சதுரமாக விழும், சுற்றியிருக்கும் தாழ்வாரம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும். அந்த இருட்டில் யாரோ நிற்கிறார்கள், வெயிலில் நிற்பவருக்குத்தான் தெரியவில்லை. கொலையைப் பகலில் வையுங்கள். ஐப்பசி மழையை இரண்டாம் பாதிக்கு மிச்சம் பிடியுங்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவில் கொட்டும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது.

பேச்சில் வட்டார வாடை வேண்டும், அளவாக. வந்தாக, சொன்னாக என்ற மரியாதை வடிவமும் அப்பச்சி, ஆத்தா, அப்பத்தா, ஆயா என்ற முறைகளும் சரியாக விழுந்தால் போதும். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை ஒரே ஓரிடத்தில் கிழட்டுப் பங்காளி ஒருவரை வாய்தவறி “சின்னப் பையா” என்று கூப்பிடட்டும். அவர் வயதுக்கு அது மூன்றாவது தடயம்.

படி 9: முடிவும் திருத்தமும்

முடிவில் பேரேட்டை எரிக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். எரிக்காதீர்கள். எரித்த கணக்கு தீர்ந்த கணக்கு ஆகாது. ஆத்தா உட்கார்ந்து, வரிக்கு வரி படித்து, எந்தப் பையனிடமிருந்து எத்தனை வருஷம் என்று சொல்லச் சொல்ல, பெட்டியடிப் பையன் ஐந்தொகை போடட்டும். கணக்கப்பிள்ளை எதிரே உட்கார்ந்து கூட்டலைச் சரிபார்க்கட்டும். தொழில்காரர் அல்லவா, தப்புக் கூட்டலைப் பொறுக்க மாட்டார். அக்கரைக்காரர்களின் ஆயுசு இன்னும் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியை வீட்டை விற்றுக் கொடுப்பதா என்ற கேள்விக்கு எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். போடாத ஒருத்தரோடு நாவலை முடித்தால் அடுத்த பாகத்துக்கும் இடம் இருக்கும்.

திருத்தும்போது மூன்று தனி வாசிப்பு வையுங்கள். முதலில் ஆயுசுக் கணக்கை மட்டும் பாருங்கள். தாளில் நிஜமாகவே பற்று வரவு போட்டுக் கூட்டுங்கள், வாசகரில் ஒருவராவது கூட்டிப் பார்ப்பார். அடுத்தது சாவிகள்: எந்த அத்தியாயத்தில் எது யார் கையில். கடைசியாக, கதையைத் தெரியாத ஒருவரிடம் முதல் பாதியை மட்டும் கொடுத்து யார் மேல் சந்தேகம் என்று கேளுங்கள். கணக்கப்பிள்ளை என்று உடனே சொன்னால் அவருக்கு இன்னும் கொஞ்சம் முட்டிவலி கூட்டுங்கள். பிறகு மீதியையும் கொடுத்து, கதை முடிந்தபின்னும் சொல்ல முடியாமல் விழித்தால் ஒன்பதாவது துணியை எண்ணும் குழந்தைக்கு இன்னொரு காட்சி கொடுங்கள்.